மதகுப் பலகையும் என் மனைவியின் நாக்கும்

என் மனைவிக்கு விசர், பைத்தியம் என்று எங்கள் ஒழுங்கையில் கதைத்தவர்களில் பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லை. மீதிப்பேர் வெளிநாட்டில் பிள்ளைகளின் வீடுகளில் கிடக்கிறார்கள். இருந்தாலும் எழுதத்தான் போகிறேன். உவர் பிடித்தது கிணற்றுக்கு. விசர் என்ற பெயர் வந்தது என் மனைவிக்கு. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பொய். அந்தப் பொய்யை நினைத்தால் இத்தனை வருசத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருகிறது. வயசால் வந்த கோபம் என்று என்னைப் பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். சொல்லில் பிழை இராது. வேலணைத் தீவில், தரவை என்கிற புல்வெளியின் கரையில், மாடுகூட வாய் வைக்காத உவர்க் கிணறு உள்ள வளவில் பிறந்தேன். அங்கிருந்து கொழும்புக்குப் போய், சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு அதே தெருவில் சொந்தக் கடை போட்டேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அதை எரித்தார்கள். உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினேன். என்னோடு வந்தவர்கள் அழுதார்கள். நான் அடுத்த மாரிக்கு எந்தக் காணியைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு போகத்துக்குள் எங்கள் பகுதியில் மிளகாய்த் தோட்டம் என்றால் என் தோட்டத்தைக் காட்டித்தான் கதைத்தார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் மனைவிக்கும் பெருமை இருந்தது. அது ஒன்றே ஒன்றில்தான்: கிணறு. அவளுடைய சீதனக் கிணறு அது. எங்கள் ஒழுங்கையில் பருப்பு அவிகிற தண்ணீர் உள்ள கிணறு அது ஒன்றுதான். விடிந்தால் பெண்கள் குடங்களோடு வருவார்கள். அவள் வாசல் படலையைத் திறந்துவிட்டுக் கிணற்றடியில் நிற்பாள். யார் வீட்டில் காய்ச்சல், யாருடைய பிள்ளை சோதனை பாஸ், எல்லாம் அந்தக் கிணற்றடியில்தான் அவளுக்குத் தெரியவரும். கலியாண வீட்டுக்கு, செத்தவீட்டுக்குத் தேத்தண்ணீர் என்றால் எங்கள் கிணற்றில்தான் அள்ளுவார்கள். நான் கொழும்பில் கடை நடத்திய காலம் முழுக்க அவளுக்குத் துணை அந்தக் கிணறுதான். நான் ஊருக்கு வந்து நிற்கும்போது, உங்களுக்குக் கொழும்பில் கடை, எனக்கு இது கடை என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். என் கடை எரிந்தபோது அவள் கடை எரியவில்லை. அதையும் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் ஆளுக்கு இது விளங்காது. ஒரு வீட்டுக்குப் போய் அந்த வீட்டுத் தண்ணீர் உவர் என்று சொல்லக்கூடாது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட உவர்த் தேத்தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, சாதகம் பொருந்தவில்லை என்று வேறு சாட்டுச் சொல்லித்தான் விலகுவார்கள். தண்ணீரைக் குறை சொன்னால் அந்த வீட்டுப் பெண்ணைக் குறை சொன்ன மாதிரி. மரியாதை என்று இதற்குப் பெயர். இந்த மரியாதையைப் போல ஒரு கேடுகெட்ட சாமானை நான் கண்டதில்லை.

தண்ணீர் ஏன் நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தடியில் சுண்ணாம்புக் கல். மாரியில் பெய்கிற மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி உவர்த்தண்ணீருக்கு மேலே மெல்லிசாக நிற்கும், கஞ்சிக்கு மேலே ஆடை நிற்கிற மாதிரி. மழைத்தண்ணீர் தரவையில் நெடுநாள் தேங்கி நின்றால்தான் அந்த ஆடை கலையாது. அதற்காகத்தான் தரவைக்கும் கடலுக்கும் நடுவில் அணை கட்டி, அணையில் மதகு வைத்து, மதகுக்குத் தடித்த பலகைகள் போட்டிருந்தார்கள். வெள்ளம் மிஞ்சினால் பலகையைத் தூக்குவார்கள். மழை ஓய்ந்தால் இறக்குவார்கள். தென்மேற்கில் இருந்து வீசுகிற சோளகக் காற்றுக் காலத்தில் கடல் பெருகி அணையில் மோதும். பலகை தடுக்கும். அவ்வளவுதான். இதைச் செய்வதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

அந்தப் பலகைகளைக் கழற்றியவன் என் மச்சான். என் மனைவியின் சொந்த அண்ணன்.

ஆமியின் ஹெலிகொப்டர் வந்து சுடத் தொடங்கிய காலம். எல்லாரும் வளவுக்குள் பதுங்கிக் கிடக்கக் குழியாகப் பங்கர் வெட்டினார்கள். மேலே போட மரம் இல்லை. பனங்குற்றிக்கு ஆளுக்காள் அடிபாடு. மச்சான் ஒரு பின்னேரம் மாட்டுவண்டியோடு போய் மதகுப் பலகைகளைக் கொண்டுவந்துவிட்டான். அவனைப் பார்த்து வேறு பேரும் போய் மிச்சத்தையும் கொண்டுவந்தார்கள். உயிருக்குப் பயந்து எடுத்ததை நான் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் உயிர் இருந்தது, நானும் பயந்தனான். ஆனால் எங்கள் நிலத்தில் இடுப்பளவு வெட்டினாலே தண்ணீர் வந்துவிடும். முதல் மழைக்கே அவனுடைய பங்கர் தவளைக் குளமாகிவிட்டது. பலகையைக் கொண்டுபோய்த் திரும்பப் போடு என்று நான் சொன்னேன். அரசாங்கத்தின் பலகை, அரசாங்கம் போடட்டும் என்றான். எந்த அரசாங்கம், எங்கே இருந்து, யாரை அனுப்பிப் போடும்? அவன் பலகைகளை அறுத்து, குந்தியிருக்க ஒரு வாங்கு செய்து தன் வீட்டு முன்விறாந்தையில் போட்டான். நல்ல வாங்கு. ஊரில் முக்கால்வாசிப் பேர் அதில் இருந்துதான் ஊர்க்கதை கதைத்தார்கள்.

அடுத்த சோளகத்தில் கடல் தரவைக்குள் வந்தது. யாரும் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. சத்தம் இல்லாமல், விடிய ஒரு சாண், பின்னேரம் ஒரு சாண் என்று வந்தது. கோடையில் தரவை வெள்ளையாகக் காய்ந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் வண்ணான் வேட்டி விரித்த மாதிரி. மாடுகள் புல்லைத் தேடி, நல்ல தண்ணீர் உள்ள சாட்டிப் பக்கம் நடந்தன. என் குத்தகை வயலில் நெல் முழங்காலுக்கு வராமலே மஞ்சளானது. பக்கத்து வயல்காரன் ஒருவன், நல்ல உழைப்பாளி, விதைக்க ஒன்றும் இல்லாத அந்த வெள்ளை நிலத்துக்குத் தினமும் மண்வெட்டியோடு போய் வரப்பில் இருந்துவிட்டு மத்தியானம் வருவான். என்ன செய்தாய் என்று கேட்டால், பார்த்துக்கொண்டு இருந்தனான் என்பான். அவனுக்கும் விசர் என்றார்கள். கரையோர வேதக்கார மீனவர்களில் ஒருவர், கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு, வலையைத் தைப்பதும் தைத்ததை அறுப்பதுமாக இருந்தார். அவருக்கும் விசர். ஒரு ஊரில் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு விசர் பிடிக்குமா என்று ஒருவனும் யோசிக்கவில்லை. விசர் என்ற சொல் இருக்கிறதே, யோசிக்கத் தேவையில்லாமல் செய்வதற்கு அதைப் போல ஒரு சொல் இல்லை.

எங்கள் கிணற்றில் முதலில் சவர்க்காரம் நுரைக்காமல் போனது. பிறகு பருப்பு அவியச் சுணங்கியது. குடத்தோடு வருகிற பெண்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருத்திக்குக் குடம் ஓட்டை. ஒருத்திக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. ஒருத்தி மகள் வீட்டோடு போய்விட்டாளாம். மகள் வீடு அடுத்த ஒழுங்கையில். ஒருவரும் உவர் என்ற சொல்லைச் சொல்லவில்லை. மரியாதை.

நான் சொன்னேன். முதலில் சொன்னவன் நான்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது.

"உவர் குடிச்சு வளர்ந்த நாக்குக்கு எல்லாத் தண்ணியும் உவர்தான். நீங்கள் இதுக்குள்ள வராதேங்கோ."

கொழும்பில் மொத்த வியாபாரிகளைப் பேச்சில் மடக்கிய மனிசன் நான். ஆனால் என் நாக்குக்கு அந்த வீட்டில் சாட்சி சொல்ல உரிமை இல்லை. அந்தத் தண்ணீரில் வளர்ந்த நாக்கு இரண்டுதான் இருந்தது. ஒன்று அவளுடையது, மற்றது அவள் அண்ணனுடையது.

மச்சான் தினமும் காலையில் வந்து எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிப்பான். அது அவனுடைய தாய் தகப்பன் இருந்த நாளில் தொடங்கிய பழக்கம். அவள் தேத்தண்ணீர்ப் பேணியைக் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எப்படி அண்ணை என்று கேட்பாள். அவன் ஒரு மிடறு குடித்து, நாக்கைச் சப்புக் கொட்டி, அந்த நாளில் இருந்த மாதிரியே இருக்கிறது என்பான். தினமும். உவர் என்று வாய்திறந்தால் அடுத்த கேள்வி பலகை. அதற்குப் பயந்து சொன்ன பொய் அது. தங்கச்சி மேல் அன்பாம். அன்பென்றே வைத்துக்கொள்வோம். அந்த அன்பு என்ன செய்தது என்று கேளுங்கள்.

அவள் நெல்லிக் கட்டை வெட்டுவித்துக் கிணற்றுக்குள் இறக்கினாள். நெல்லிக் கட்டை தண்ணீரை இனிக்கச் செய்யும் என்பார்கள். இனிக்கவில்லை. கிணற்றை இறைக்க வேண்டும் என்றாள். ஆள் பிடித்து அடி மண் தெரிய இறைத்தோம். மேலே நின்ற கொஞ்ச நல்ல தண்ணீரையும் இறைத்து ஊற்றிவிட்டு, கீழே இருந்த உவருக்கு வழி விட்டோம். புது ஊற்று வந்தது. அவள் முதல் வாளியில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு முகம் மாறினாள். அன்று காலையும் அண்ணன்காரன் அதே பல்லவிதான் பாடினான்.

அதற்குப் பிறகுதான் அவள் கிணற்றைச் சந்தேகிப்பதை விட்டுத் தன் நாக்கைச் சந்தேகிக்கத் தொடங்கினாள்.

யோசித்துப் பாருங்கள். உன் வாயில் உவர்க்கிறது. உன்னோடு பிறந்தவன் உவர்க்கவில்லை என்கிறான். வந்து போகிறவர்கள் எல்லாரும் நல்லாயிருக்கு அக்கா என்கிறார்கள். அப்போது எது பிழை? நாக்குத்தான் பிழை. குழம்பில் ஒருநாள் உப்பே இருக்காது. ஒருநாள் வாயில் வைக்க ஏலாது. போட்டேனா இல்லையா என்று என்னிடம் கேட்பாள். நான் சொன்னாலும் நம்பமாட்டாள். பிறகு சமைக்கப் பயந்தாள். பிறகு சாப்பிடப் பயந்தாள். காலையில் ஈர்க்கை எடுத்து நாக்கு வழிக்கத் தொடங்கினால் ரத்தம் வரும்வரை வழிப்பாள். ஈர்க்கைப் பறித்து எறிந்தால் சேலைத் தலைப்பால் தேய்ப்பாள். கண் குழிவிழுந்து, படலைக்கு வெளியே ஒரு குடம் போகிற சத்தம் கேட்டால் எழும்பி நிற்பாள். குடம் எங்கள் படலையைக் கடந்து போய்விடும். திரும்ப இருப்பாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நித்திரைக் குளிசை தந்தார்கள். பேய்க்குப் பார்வை பார்க்கிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஊரார் சொன்னார்கள், போனேன். கறுப்பு நூல் கட்டினார். கிணற்றடியில் இருக்கிற ஏதோ ஒன்று பிடித்திருக்கிறதாம். அதே நேரம் மச்சான் வீட்டு வாங்கில் இருந்தவர்கள், கொழும்பில் கடை எரிந்த கவலை மனிசனுக்கு வராமல் மனிசிக்கு வந்துவிட்டது என்று பகிடி விட்டார்களாம். எந்தப் பலகையின் மேல் இருந்துகொண்டு சொன்னார்கள் என்று பாருங்கள்.

கடைசியில் எனக்கு வழி காட்டியது ஒரு சைக்கிள். தோட்டத்துக்கு ஒரு காலை வேறு பாதையால் போனேன். மச்சான் சாட்டிப் பக்கம் இருந்து சைக்கிளில் வந்தான். கரியரில் ஒரு பிளாஸ்ரிக் கலன், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் மிதியை நிறுத்தவா போகவா என்று தடுமாறினான். நான் ஹாண்டிலைப் பிடித்தேன்.

"கலனுக்குள்ள என்ன?" என்றேன்.

"மண்ணெண்ணெய்."

மூடியைத் திறந்து, சரித்து, ஒரு கை ஏந்திக் குடித்தேன். சாட்டித் தண்ணீர். என் உவர் நாக்குக்கே தெரிந்தது.

"நல்ல மண்ணெண்ணெய் மச்சான். தங்கச்சிக்கும் ஒரு வாய் குடுப்பம், வா."

அவன் இறங்கிக் கெஞ்சத் தொடங்கினான். அவள் தாங்கமாட்டாள், இருக்கிற நிலையில் சொன்னால் கிணற்றுக்குள் குதித்துவிடுவாள் என்றான். தான் தினமும் அந்த உவர்த் தேத்தண்ணீரைக் குடிப்பது யாருக்காக என்று என்னிடமே கேட்டான். நான் சைக்கிளை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினேன். அவள் தாங்குவாளோ தெரியாது, நீ தாங்கமாட்டாய், அதுதான் கதை என்று சொன்னேன். வராவிட்டால் உன் வாங்கை நடுச்சந்தியில் போட்டுக் கொளுத்துவேன் என்றும் சொன்னேன். கொளுத்தியிருப்பேன். அவனுக்கும் அது தெரியும். வந்தான்.

அவள் குசினி வாசலில் நின்றாள். அண்ணனைக் கண்டதும் வழமை போல உள்ளே போய்ப் பேணியில் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கலனை அவிழ்த்து அவள் காலடியில் வைத்தேன்.

"உது என்ன?" என்று அண்ணனைத்தான் கேட்டாள்.

"தண்ணி, பிள்ளை."

"எங்கத்தைத் தண்ணி?"

"சாட்டியில அள்ளினது. வீட்டுக்கு."

"எங்கட கிணறு இருக்க?"

அவன் பேணியைக் கீழே வைத்தான். தலையை நிமிர்த்தவில்லை. "உவர், பிள்ளை. கிணறு உவர்" என்றான்.

அவள் விழவில்லை. கத்தவில்லை. குந்தி இருந்து, கலனில் இருந்து உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள். பிறகு அண்ணனுடைய பேணியை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். திரும்பக் கலன். திரும்பப் பேணி.

"அப்ப என்ரை நாக்கிலை பிழை இல்லை," என்றாள்.

"இல்லை, பிள்ளை."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"தொடக்கத்தில இருந்தே தெரியும்."

"நான் நாக்கை வழிச்சு ரத்தம் துப்பேக்கையும் தெரியும்."

"ஓம்."

அவள் எழும்பினாள். "உண்மையைச் சொல்லுறதைவிட, நான் விசரியாகிறது உங்களுக்கு லேசாய் இருந்திருக்கு அண்ணை," என்று சொல்லிவிட்டு, அந்தத் தேத்தண்ணீரை முற்றத்தில் ஊற்றினாள். பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பேணியில் அவன் பிறகு குடிக்கவில்லை.

அன்று மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு. உப்புச் சரியாக இருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டு அழுதேன். கடை எரிந்ததற்கு அழாதவன்.

நடந்ததைக் கேட்டு, பார்த்தாயா எல்லாம் சரியாகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு வாயில் அடிக்க வேண்டும் போல இருந்தது. நாக்கு அவளுக்குத் திரும்ப வந்தது, உண்மை. ஈர்க்கை விட்டாள். சாப்பிட்டாள், நித்திரை கொண்டாள். ஆனால் காலையில் படலையைத் திறந்தால் குடத்தோடு உள்ளே வர ஆள் இல்லை. வெறும் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நிற்பாள். சோளகம் தொடங்கினால் நாள்கணக்கில் வாய் திறக்கமாட்டாள். அதற்குக் குளிசை இல்லை.

வாங்கை நான் சந்தியில் கொளுத்தவில்லை. அவன் வீட்டுக்குப் போய், அதில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு, கோடரியால் பிரித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு மதகுக்குப் போனேன். அறுத்த பலகை அளவுக்கு வரவில்லை. காசு கொடுத்துப் பனம்பலகை வாங்கி இடைவெளியை அடைத்தேன். தனி மனிசனாகச் செய்தேன். ஒருவனும் கை கொடுக்க வரவில்லை. இரண்டு பேர் வந்து அணையில் நின்று, இது அரசாங்கம் செய்யிற வேலை அண்ணை என்றார்கள். அடுத்த மாரியில் தரவையில் தண்ணீர் நின்றது. ஆனால் கிணறு மாறவில்லை. உவர் ஏறுவதற்கு ஒரு கோடை போதும். இறங்குவதற்கு எத்தனை மாரி வேண்டும் என்று பார்க்க எங்களை விடவில்லை. தொண்ணூறில் தீவையே விட்டு எழும்பினோம்.

அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கலன் வந்து சில நாட்களில் அவள் தானே குடம் எடுத்தாள். தண்ணீர் அள்ள இன்னொருவர் வளவுக்கு அவள் போனது அதுதான் முதல் முறை. சாட்டிக்குப் போகிற வழியில் ஒரு வீட்டுக் கிணறு. அந்த வீட்டு அம்மா நல்ல மனிசி, வாருங்கோ என்று படலையைத் திறந்தாள். என் மனைவி குடத்தை நிரப்பினாள். கை ஏந்தி ஒரு வாய் குடித்தாள். திரும்ப ஒரு கை ஏந்திக் குடித்தாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலையில் நின்றேன். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. தடுக்கவில்லை.

"அக்கா, உங்கட கிணத்திலையும் லேசாய் உவர் ஏறுது. இறைக்க விடாதேங்கோ."

அந்த அம்மாவின் முகம் கறுத்தது. உம்முடைய கிணறு போன பொறாமையில் என்ரை கிணற்றைச் சொல்லுகிறீர், விசர் என்று சனம் சொன்னது பொய்யில்லை என்று பேசினாள். இனி இந்தப் படலைக்குள் வரவேண்டாம் என்றும் சொன்னாள்.

என் மனைவி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நான் வரமாட்டன் அக்கா. ஆனால் நாளைக்கு விடிய நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ. ஆரையும் கேளாதேங்கோ."

அடுத்த நாள் வேறு கிணற்றுக்குப் போனோம். அது தூரம். வழி முழுக்க நான் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டு வந்தேன். என் மனைவி என்னைப் பேசாமல் வரச் சொன்னாள், விடிய அந்த அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்திருப்பா என்றாள்.